பூங்கா வேலையும் படுக்க இடமும்: இரண்டுக்கும் இரண்டு நோட்டு

இரவு ஒன்பது மணிக்குப் பூங்கா கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒரு ஏக்கர் இடம் ஆளில்லாமல் கிடக்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கம், நடைபாதையில், பத்துப் பன்னிரண்டு பேர் பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்துப் படுக்கிறார்கள். சென்னையில் இதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை தானாகவே வருகிறது: கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தால் என்ன? இரவு படுத்துக்கொள்ளட்டும், காலையில் எழுந்து பெருக்கித் தண்ணீர் விடட்டும். அவர்களுக்கு இடம், ஊருக்குச் சுத்தமான பூங்கா.

நல்ல மனதில் பிறக்கிற யோசனைதான். வீடில்லாதவர்களுக்குப் படுக்க இடம் வேண்டும், வேலையும் வேண்டும்; பூங்கா வேலை அவர்களில் பலருக்கு நன்றாகப் பொருந்தும். ஒரே அமைப்பு இரண்டையும் நடத்தலாம். ஆனால் படுக்கைக்கு வேலையை விலையாக வைத்த நிமிடத்திலிருந்து திட்டம் கெட ஆரம்பிக்கிறது. படுக்கைக்கு ஒரு பதிவு நோட்டு, கூலிக்கு ஒரு பதிவு நோட்டு என்று பிரித்து வைக்க வேண்டும். கூலி நோட்டில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவருடைய பாயைச் சுருட்டச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது. இதை முதலில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் பாதி, 2,000 சதுர மீட்டர், புல்லும் செடியும் என்று வையுங்கள். சென்னைக் கோடையில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மொத்தம் 10,000 லிட்டர். ஒரு இஞ்ச் ஹோஸில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வந்தால், ஒருவர் ஐந்தரை மணி நேரம் குழாயோடு நிற்க வேண்டும். நடைபாதையையும் பெஞ்சைச் சுற்றியும் பெருக்க இரண்டு மணி. களை எடுக்க, பாத்தி கொத்த, வேலிச்செடியைக் கத்தரிக்க மூன்று மணி. கழிப்பறையை இரண்டு வேளை கழுவ இரண்டு மணி. சருகை அள்ளி உரக்குழியில் போட ஒரு மணி. ஆகப் பதின்மூன்றரை மணி. மோட்டார் மக்கர் செய்கிற நாளுக்கும் சேர்த்துத் தாராளமாக 16 மணி நேரம் என்று எழுதிக்கொள்ளலாம்.

இப்போது காப்பகத்தில் 50 பேர் இருக்கிறார்கள், ஆளுக்குத் தினம் இரண்டு மணி நேர வேலை என்று வைத்தால் 100 மணி நேரம் ஆகிறது. மீதி 84 மணி நேரத்துக்கு வேலை எங்கே இருக்கிறது? இல்லை. பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கச் சொல்வார்கள். அல்லது ஏற்கெனவே கூலி வாங்கிக்கொண்டிருக்கும் தோட்டப் பணியாளரையும் தூய்மைப் பணியாளரையும் நிறுத்திவிட்டு அந்த வேலையை இவர்கள் தலையில் வைப்பார்கள். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததை இந்த ஊர் பார்த்தது. ஓர் ஏழையின் கூலியை எடுத்து இன்னோர் ஏழைக்குப் பாய் விரிப்பது உதவி ஆகாது.

ஐம்பது பேரும் வேலை செய்யக்கூடியவர்களும் இல்லை. முதியவர்கள், காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், மனநலம் குலைந்தவர்கள் இருப்பார்கள். இன்னொரு பக்கம், வீடில்லாதவர் என்றால் வேலையில்லாதவர் என்று நினைப்பதே தப்பு. வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனைப் பக்கமும் தலைமுறை தலைமுறையாக நடைபாதையில் குடும்பம் நடத்துகிறவர்கள் மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். கோயம்பேட்டில் இரவெல்லாம் லோடு இறக்கிவிட்டுக் காலை ஏழு மணிக்குத் தூங்க வருகிறவரிடம் துடைப்பத்தைக் கொடுத்தால், அவர் நடைபாதைக்கே திரும்பிப் போய்விடுவார்.

சட்டமும் இங்கே தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982-இல், உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் தந்தது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்குகிற உழைப்பும் கட்டாய உழைப்புதான், துப்பாக்கியைக் காட்டித்தான் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதில்லை, பசியும் வறுமையும் போதும். அடுத்த ஆண்டே ராஜஸ்தான் வழக்கு வந்தது. பஞ்ச நிவாரணமாகச் சாலை வேலை கொடுக்கிறோம், நிவாரணம்தானே, கூலியைக் குறைக்கலாம் என்றது அரசு. நிவாரண வேலையானாலும் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று 1983-இல் தீர்ப்பு வந்தது. ‘படுக்க இடம் கொடுத்தோமே, அதற்குப் பதில் வேலை’ என்கிற வாதம் இந்தத் தீர்ப்பின் முன் நிற்காது.

இங்கிலாந்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். ஏழையர் விடுதிகளில் வழிப்போக்கர்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. 1882-இல் வந்த சட்டப்படி ஒரு ராத்திரி உள்ளே போனவர் மறுநாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும், அல்லது தார் பூசிய பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுக்க வேண்டும். இரண்டாம் இரவும் அங்கேயே கழித்து, அதற்கடுத்த காலை 9 மணிக்குத்தான் வெளியே வரலாம். ஒன்பது மணிக்கு வெளியே வந்தால் அன்றைய கூலி வேலைக்கு ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். வேலை தேடி ஊர் ஊராக நடந்தவர்களுக்கு, தங்க இடம் கொடுத்த விதியே வேலை கிடைக்காமல் செய்தது. பிறகு விதியைத் தளர்த்தினார்கள். நம் ஊரில் காலை ஆறு ஆறரைக்கு மேஸ்திரி வந்து ஆள் பொறுக்கும் சந்திப்புகள் எத்தனை! காலை ஆறு முதல் எட்டு வரை பூங்காவைப் பெருக்கியே ஆக வேண்டும் என்று விதி போட்டால் அதே கதைதான்.

பிரித்து நடத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒசாகாவின் கமாகசாக்கியைப் பார்க்க வேண்டும். ஜப்பானின் பெரிய தினக்கூலிச் சந்தை அது. 1990-களில் கட்டட வேலை சரிந்ததும் வயதான தொழிலாளர்கள் தெருவுக்கும் பூங்காவுக்கும் வந்தார்கள். அங்கே இரண்டு வாசல்கள் உண்டாயின. ஒன்று, இரவுக் காப்பகம்: கட்டணம் இல்லை, மாலையில் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கலாம், அன்றைக்கு என்ன வேலை செய்தாய் என்ற கேள்வி கிடையாது. மற்றது, முதியோருக்கான துப்புரவு வேலை: 55 வயதுக்கு மேற்பட்ட தினக்கூலிகள் பெயரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்கிறார்கள், எண் வரிசைப்படி முறை வருகிறது, சாலை பெருக்குவது, பூங்காவில் களை எடுப்பது, பெயின்ட் அடிப்பது மாதிரி வேலை. ஒரு நாளுக்கு 5,700 யென் கூலி தந்தார்கள். முறை வைத்துத் தருவதால் மாதத்தில் சில நாள்கள்தான் ஒருவருக்குக் கிடைக்கும். பிழைப்புக்கு அது போதாது என்ற குறை அங்கே எப்போதும் உண்டு, நியாயமான குறை. ஆனாலும் கூலி கூலியாக வந்தது, படுக்கை படுக்கையாக இருந்தது.

அதே ஒசாகா பூங்காவுக்குள்ளேயே காப்பகம் கட்டியும் பார்த்தது. 2000 கடைசியில் நகாய் பூங்கா, 2001-இல் நிஷினாரி பூங்கா, 2002-இல் ஒசாகா கோட்டைப் பூங்கா. சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று தற்காலிகக் கட்டடங்கள். நகாய் பூங்காவில் 2001-இல் கிழக்காசிய விளையாட்டுப் போட்டி வரவிருந்தது. கூடாரங்களை அகற்றத்தான் காப்பகம் கட்டுகிறார்கள் என்று அங்கே இருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு காரணத்துக்காக எதிர்த்தார்கள். டோக்கியோ 2004-இல் வேறு வழி எடுத்தது: பூங்காக் கூடாரத்தில் இருந்தவர்களுக்கு மாதம் 3,000 யென்னுக்கு இரண்டு ஆண்டு வாடகை அறை, கூடவே பூங்காத் துப்புரவு போலத் தற்காலிக வேலை. நான் பார்த்தவரை பூங்காவாசிகளுக்கென்று வந்த திட்டங்களில் இதுவே மேல், ஏனென்றால் கதவும் பூட்டும் உள்ள அறை கிடைத்தது. குறை இரண்டு. தற்காலிக வேலை குறைந்த நாள்களே கிடைத்ததால், இரண்டு ஆண்டு முடிந்ததும் பலர் அரசின் வாழ்வாதார உதவித்தொகையை நம்ப வேண்டியதாயிற்று. அறை கொடுத்த பூங்காக்களில் புதிதாகக் கூடாரம் போட விடாததால், அதன்பின் வீடிழந்து வந்தவர்களுக்கு அறையும் இல்லை, பூங்காவும் இல்லை.

இந்தியாவில் வீடற்றோர் காப்பகம் என்பது உரிமையாக எழுந்ததே ஒரு புல்தரைத் தகராறிலிருந்துதான். 2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா ரோடு ரவுண்டானாவில் இருந்த தற்காலிகக் கூடாரத்தை நகராட்சி இடித்தது. இடத்தை அழகுபடுத்த வேண்டுமாம். டெல்லி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2010-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட்டு, பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவை வகுத்தது. விரிந்த சென்னையின் 2011 மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். அந்தக் கணக்கில் 67 காப்பகங்கள் வேண்டும்.

அதற்காக அவற்றைப் பூங்காவுக்குள் கட்டலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். பூங்கா நிலத்தைக் காக்க 1959-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையை மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் உறுதி செய்தது. மருத்துவமனைக்கே இல்லை என்றால் காப்பகத்தை எதிர்த்து வழக்குப் போட ஒரு குடியிருப்போர் சங்கம் போதும். தடை உத்தரவு வருகிற நாளில் ஐம்பது பேர் மறுபடி தெருவில். இன்னொன்று மழை. சென்னையின் பல பூங்காக்களில் இப்போது மழைநீர் தேங்கி மண்ணில் இறங்குவதற்கென்றே பள்ளம் வெட்டிக் குளம் அமைத்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் நிற்பதற்காக அமைத்த இடத்தில் பாய் போட முடியாது. ஆகவே பூங்காவை ஒட்டியோ, பத்து நிமிட நடையிலோ உள்ள மாநகராட்சிக் கட்டடத்தைத் தேடுங்கள்: மூடிய பள்ளி, பழைய வார்டு அலுவலகம், கிடங்கு. பூங்கா வேலை செய்யும் இடமாக மட்டும் இருக்கட்டும்.

நகர்ப்புற வீடற்றோர் திட்ட விதிப்படி ஆளுக்கு 50 சதுர அடி. 50 பேருக்கு 2,500 சதுர அடி, சமையலறையும் கழிப்பறையும் தனி. பத்துப் பேருக்கு ஒன்று வீதம் ஐந்து கழிப்பறை, ஐந்து குளியலறை கட்டுங்கள். குறைத்தால் காலை ஐந்தரை மணிக்குச் சண்டை வரும். ஆளுக்கு 90 லிட்டர் தண்ணீர் என்றால் நாளுக்கு 4,500 லிட்டர், 5,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று மேலே, லாரி வராத நாளுக்கு அதே அளவு தரைத்தொட்டி ஒன்று கீழே.

காப்பகத்துக்கு ஆள் வராததற்குக் கட்டில், விரிப்பு எல்லாம் காரணமில்லை. பூட்டும் பெட்டிதான் காரணம். நடைபாதையில் இருப்பவருக்கு ரேஷன் கார்டு, ஒரு புடவை, அடுப்பு, செல்போன், சேர்த்த நாலு காசு. இதைத் திருட்டுப் போகாமல் வைக்க இடம் இல்லாத கட்டடத்துக்குள் அவர் ஏன் வர வேண்டும்? இரண்டடிக்கு ஒன்றரை அடி இரும்புப் பெட்டி, சாவி அவரிடமே. வண்டிக்காரருக்கு வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்ட வெளிச்சமான இடம் வேண்டும். பலர் வண்டி மேலேயே படுப்பது வண்டிக்குக் காவலாகத்தான். அடுத்தது குடும்பம். ஆண்கள் காப்பகம், பெண்கள் காப்பகம் என்று பிரித்துவிட்டுக் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளை மூன்று இடத்துக்கு அனுப்பினால் அவர்கள் சேர்ந்து தெருவிலேயே இருந்துவிடுவார்கள். குடும்பங்களுக்கு ஏழடி உயரத் தடுப்பு வைத்த அறைகள் தேவை. குடித்துவிட்டு வருகிறவரைப் படுக்க விடுங்கள், உள்ளே குடிப்பதை விடாதீர்கள். ராத்திரி ஒன்பதுக்கே கதவடைத்தால் ஹோட்டலில் வேலை செய்கிறவர் எல்லோரும் வெளியே நிற்பார்கள்.

தகரக் கூரையானால் மே மாதம் உள்ளே இருக்க முடியாது. மேலே வெள்ளைக் குளிர்ப்பூச்சு இரண்டு கோட், கீழே சீலிங், காற்றில் சுழலும் வென்டிலேட்டர். மூன்றும் இல்லாவிட்டால் எல்லோரும் பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். கொசுவத்தி வேண்டாம், போர்வை பக்கத்தில் அது நெருப்பு. கொசுவலையும் மின்விசிறியும் போடுங்கள். சார்ஜ் போட 16 பாயின்ட்டாவது வேண்டும்.

மூட்டைப்பூச்சி வந்த காப்பகம் ஒரு மாதத்தில் காலியாகும். இரும்புக் கட்டிலின் குழாய் ஓட்டைகளுக்குள்தான் அது குடியிருக்கும். ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடையுங்கள், மூலைகளில் கொதிக்கும் நீர் ஊற்றுங்கள், விரிப்பை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். சொறி சிரங்குக்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு உண்டு: கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க இரவில் பூசிக் காலையில் குளிப்பது, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிக்கிறவருக்கு மட்டும் கொடுப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிற தப்பு. அந்த அறையில் படுக்கிற அத்தனை பேரும் அதே இரவில் பூச வேண்டும், துணியும் அன்றே துவைக்க வேண்டும். இல்லையென்றால் சுற்றிச் சுற்றி வரும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மருத்துவரிடம் கேட்டுத்தான் பூச வேண்டும்.

வேலைப் பக்கம். வார்டுப் பூங்கா பலவும் ஒரு ஏக்கருக்குக் குறைவு என்பதால் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்றைச் சேர்த்து இரண்டு ஏக்கராக எடுங்கள். ஏற்கெனவே ஆள் இருக்கும் பூங்காவை விட்டுவிட்டு, பராமரிப்பே இல்லாமல் பூட்டிக் கிடப்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்கணக்கின்படி நாளுக்கு 32 மணி நேரம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு நாலு பேர். விருப்பப்பட்டுப் பெயர் கொடுப்பவர் 12 பேர் என்றால் ஒருவருக்கு மாதம் பத்து நாள் வரும். முறை அட்டவணையைப் பெரிய எழுத்தில் காப்பகச் சுவரில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மேற்பார்வையாளருக்கு டீ வாங்கித் தருகிறவருக்கே எல்லா நாளும் போகும். முறை வந்த நாளில் வேறு நல்ல வேலை கிடைத்தால் அவர் போகட்டும், எண் அடுத்தவருக்கு, தண்டனை கூடாது.

நாலு பேருக்கு இரண்டு மண்வெட்டி, இரண்டு களைக்கொத்து, இரண்டு தென்னந்துடைப்பம், வேலி வெட்டும் கத்தரி ஒன்று, இரும்புச் சட்டி இரண்டு, தள்ளுவண்டி ஒன்று, 30 மீட்டர் ஹோஸ் இரண்டு. ஹோஸ் ஒன்றே இருந்தால் தண்ணீர் விடுவதிலேயே பாதி நாள் போகும். கையுறையும் மூடிய காலணியும் ஆளுக்கு ஒரு ஜோடி, முதல் நாளே டெட்டனஸ் ஊசி. புல்லுக்குள் பாட்டில் சில்லும் ஊசியும் கிடக்கும். மின்கம்பி தொடும் கிளையை இவர்களை விட்டு வெட்டக் கூடாது. காலை ஆறுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் தண்ணீர் விட்டால் பாதி வீணாகாது. நடுப்பகல் வெயிலில் யாரையும் நிற்க வைக்க வேண்டாம். சருகுக்கு மூன்றடி நீளம், அகலம், உயரத்தில் கம்பி வலைத் தொட்டி. அரையடி சருகு, மேலே சாணிக் கரைசல், மறுபடி சருகு. கையில் பிழிந்தால் இரண்டொரு சொட்டு வருகிற ஈரம் போதும். பத்து நாளுக்கு ஒரு முறை கிளறினால் மூன்று மாதத்தில் உரம். தூங்குமூஞ்சி இலை சீக்கிரம் மக்கும். மாவிலையைத் தனியாகப் போட்டால் ஆறு மாதம் ஆனாலும் அப்படியே இருக்கும், கலந்து போடுங்கள்.

கூலியை மாதக் கடைசியில் தருவது இங்கே நடக்காது. அரிசி டப்பா இல்லாதவர் முப்பது நாள் கடன் சொல்ல முடியாது. முதல் மாதம் அன்றன்று, பிறகு சனிக்கிழமைதோறும். வங்கிக் கணக்குக்கு ஆவணம் இல்லையென்றால் புகைப்படமும் கையெழுத்தும் வைத்தே ‘சிறு கணக்கு’ தொடங்கலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி வருடத்துக்கு ஒரு லட்சம் வரை வரவு, மாதம் 10,000 வரை எடுக்கலாம், எந்த நேரத்திலும் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் மாதம் பத்து நாளில் 5,000, வருடத்துக்கு 60,000, எல்லைக்குள் வருகிறது. அந்தக் கணக்கு 12 மாதம்தான் செல்லும், அதற்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம். படுக்கைக்கென்று கூலியில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதீர்கள். அவர் சேர்க்க வேண்டியது வீட்டு அட்வான்ஸுக்கு. இந்த ஊரில் மாத வாடகை கொடுக்கத் தயாராக இருக்கிறவர்களும் பல மாத அட்வான்ஸைப் புரட்ட முடியாமல்தான் தெருவில் நிற்கிறார்கள்.

கடைசியாக முகவரி. ஒசாகாவில் ஓகிமாச்சி பூங்காக் கூடாரத்தில் வாழ்ந்த ஒருவர் அதையே தன் முகவரியாகப் பதியச் சொல்லி வழக்குப் போட்டார். 2006-இல் கீழ் நீதிமன்றம் ஏற்றது, 2007-இல் மேல் நீதிமன்றம் மறுத்தது, 2008-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. பூங்கா கூடாரம் முகவரி ஆகவில்லை. நம்மிடம் இதற்கு வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்று ஆதாருக்குச் செல்லும். வாக்காளர் பட்டியலுக்கு அதுகூட வேண்டாம்: தெருவில் உறங்குகிறவர் எழுதிக் கொடுத்த இடத்துக்கு வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறார் என்று ஒரு முறைக்கு மேல் பார்த்து உறுதி செய்தால் போதும் என்பது தேர்தல் ஆணைய விதி. படிவத்தை நிரப்பிக் கொடுத்த வாரத்தில் அவரை இரவு முறைக்குப் போடாதீர்கள். அலுவலர் வருகிற நேரத்தில் அவர் பாயில் இருக்க வேண்டும்.